வண்டி எந்த நிலையத்தைக் கடந்தது?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இருப்புப்பாதை இல்லை. எனினும் தலைநகரில் ரயில் முன்பதிவுச் சாளரம் உண்டு. பெருநிலம் செல்லும் நம் மக்கள், கப்பலோ விமானமோ ஏறுமுன்னரே, சென்னையினின்று மதுரைக்கும் நெல்லைக்கும் இராமநாதபுரத்துக்கும் புறப்படும் வண்டிகளில் இடம் பிடித்துக்கொள்கின்றனர். தண்டவாளம் இல்லாத ஊரில் ரயில்வே எழுத்தனாக இருப்பவனுக்கு வலைத்தொடர்பு ஒன்றே தண்டவாளம். ஆதலால், தொடர்பு நின்றால் எவ்விடத்தில் நின்றது என்று தேடும் பழக்கம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினிக்கும் அப்பழக்கம் பெரிதும் உதவுகின்றது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்வடம் வருமுன் நம் நிலை எவ்வாறு இருந்தது என்பதை அன்பர்கள் மறந்திரார். தீவுகளின் இணையப் போக்குவரத்து விண்கோளை நம்பியே நடைபெற்றது. அக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நாம் கேட்கும் கேள்வி ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். விடையும் அவ்வாறே திரும்பவேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் அரை வினாடி கழிந்துவிடும். வழியோ குறுகலானது. மாலை வேளையில் ஊரார் அனைவரும் ஒருங்கே புகுந்தால், ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பெற்று, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பெற்ற கடல்வடம் இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடத்துக்கு 1,224 கோடி ரூபாய் அளவில் செலவாயிற்று. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரையும், ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது சென்னையோடு பிணைக்கின்றது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே சென்னைக்குச் சென்று மீளும் பயணத்துக்கு, ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதுமானது.

இத்தகைய பெருவழி வந்த பின்னரும், ‘நெட் இல்லை’ என்னும் குரல் நம் வீடுகளில் ஓயவில்லை. வடம் பழுதாவதும் உண்டு. சாலை வெட்டும் வேலையில் மண்ணுள் கிடக்கும் இழை அறுவதும் உண்டு. ஆயின், கைப்பேசியின் சிம் இணைப்பை நிறுத்திவிட்டு வீட்டு வைஃபையில் மட்டும் அதனைப் போட்டுப் பாருங்கள். கைப்பேசி ஓடி, மடிக்கணினி மட்டும் ஓடாவிடில், கடலைக் குறைகூறிப் பயனில்லை. குற்றம் மேசையின்மேல் இருக்கின்றது.

நிற்க. ஒரு வண்டி உரிய நேரத்தில் வந்து சேராவிடில், அது கடைசியாக எந்த நிலையத்தைக் கடந்தது என்றே முதலில் கேட்பார்கள். பாதை முழுவதையும் பெயர்த்துப் பார்ப்பவர் எவருமிலர். கணினிக்கும் இதே கேள்விதான். விண்டோஸ் கணினியின் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் ‘பிங்’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, ரவுட்டரின் எண்ணை இட்டு எண்டர் தட்டவேண்டும். அவ்வெண் பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியும் இருப்பார்கள். விடை வந்தால் வண்டி முதல் நிலையத்தைக் கடந்தது என்க. அடுத்து 8.8.8.8 என்னும் எண்ணை இடுக. இது கூகுள் நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவைத்துள்ள பெயர்ப் பதிவேட்டின் எண். இதற்கும் விடை வந்தால் நம் வண்டி கடலையும் கடந்துவிட்டது. மூன்றாவதாக எண்ணை விடுத்து, கூகுள் டாட் காம் எனப் பெயரையே இடுக. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராவிடில் பாதையில் பழுதில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் பழுது. கணினியின் வலை அமைப்பில் அவ்விடத்தில் 8.8.8.8 என்று எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பழைய கணினிகள் பெரும்பாலும் முதல் நிலையத்தையே எட்டுவதில்லை. சிலவற்றின் ஓரத்தில் வைஃபைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. துடைக்கும்போது அது நகர்ந்திருக்கும். அதற்காகக் கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்றவரும் உளர்! இணைந்தது போலத் தோன்றியும் ஒன்றும் திறவாவிடில், அதே கறுப்புச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். 169.254 எனத் தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இடுவதே முதல் மருந்து.

புதிய ரவுட்டர் வந்த அன்றே பழைய கணினி ஊமையாவதும் உண்டு. புதிய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைகளில் பேசுகின்றன. பழைய கணினிகள் பலவற்றுக்கு முன்னது மட்டுமே கேட்கும்; பின்னது அவற்றின் காதில் விழவே விழாது. ரவுட்டரின் அமைப்பில் 2.4 அலையைத் திறந்து, அதற்குத் தனிப்பெயர் இடுக. சுவரை ஊடுருவுவதிலும் அதுவே வல்லது. மேலும், 2018-இல் வெளிவந்த டபிள்யூபிஏ3 என்னும் பூட்டை மட்டும் ரவுட்டரில் இட்டிருந்தால், பழைய கணினிகள் பலவற்றால் அதனைத் திறக்க இயலாது. டபிள்யூபிஏ2 என மாற்றினால் போதும். கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையே செத்துவிட்டது என்றாலும் கவலை வேண்டா. சில நூறு ரூபாய்க்கு விற்கும் யூஎஸ்பி வைஃபைக் குச்சி அவ்வேலையைச் செய்யும்.

நம் தீவுகளுக்கே உரிய பகை உப்புக்காற்று. லேன் ஒயர் செருகும் துளையைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்தூரிகையால் துடைத்து நன்கு உலரவிடவேண்டும். தேங்காய் எண்ணெய் இடுவார் சிலர், அது கூடாது.

மூன்று நிலையங்களையும் கடந்த வண்டி, நடைமேடைக்கு வந்தபின் கதவைத் திறக்க மறுப்பதும் உண்டு. எங்கள் தெருவில் துறைமுகக் கூலிவேலை செய்யும் ஒருவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, பெருநிலக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முற்பட்டாள். உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இவ்விணைப்புப் பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கையே வந்தது. பழுதுபார்க்கும் கடையொன்றில், உள்ளட்டை போய்விட்டது, புதிது வாங்குக என்று கூறிவிட்டனர். தந்தையார் வட்டிக்குக் கடன் கேட்டு வைத்துவிட்டார். விண்ணப்பத்துக்கு இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. “அண்ணா, பிங் எல்லாவற்றுக்கும் விடை வருகிறதே!” என்றாள் அப்பெண். திரையின் மூலையைப் பார்த்தோம். அங்கே 2009 ஜனவரி 1 என்று இருந்தது.

கணினி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓடவைப்பது, பல பழைய கணினிகளில், சிஆர்2032 என்னும் நாணயம் போன்ற சிறு பேட்டரி. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் காலம் பின்னோக்கிப் போய்விடும். இணையப் பக்கங்கள் தம் மெய்ம்மையைக் காட்டச் சான்றிதழ் நீட்டுகின்றன. அதில் இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பயணச்சீட்டு சரியாக இருந்தும், பரிசோதகரின் நாட்காட்டி தவறாக இருந்தால் பயணியை இறக்கிவிடுவார் அல்லவா? அதுதான் நிகழ்ந்தது. தேதியையும் நேரத்தையும் திருத்தியவுடன் பக்கம் திறந்தது. விண்ணப்பம் அன்றிரவே சென்றது. மறுநாள் ஐம்பது ரூபாய்க்குள் அச்சிறு பேட்டரியும் மாற்றப்பட்டது. கடன் வாங்கவில்லை.

தேதி சரியாக இருந்தும் அவ்வெச்சரிக்கை நீங்காவிடில், மென்பொருளின் முதுமையை ஐயுறவேண்டும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கூகுள் குரோம் 2023-இலேயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. இத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, என் கருத்தில், கதவைச் சாத்தாமல் ஊருக்குப் போவதை ஒக்கும். ஆயின் அதனைக் காயலான் கடைக்குப் போடவேண்டுவதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இட்டால், நினைவகம் 4 ஜிபி உள்ள கணினி பிள்ளைகளின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பழைய கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்த பின்னரே அதனைச் செய்க.

ரவுட்டர் விடை தந்து, 8.8.8.8 மட்டும், கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒருங்கே விடை தாராவிடில், அப்பொழுது இணைப்பு நிறுவனத்துக்குப் புகார் செய்வது முறை. பிங் செய்யும்போது தெரியும் மில்லிவினாடிக் கணக்கையும் குறித்துக்கொள்க. நாள்தோறும் நூறுக்குள் இருந்தது, திடீரென ஐந்நூறு, அறுநூறு என நிலையாக நின்றால், வடம் பழுதுபட்டுச் செய்தி மீண்டும் விண்வழியே செல்கின்றது என ஐயுற இடமுண்டு. எந்த நிலையம் வரை விடை வந்தது, எந்த மணியிலிருந்து வரவில்லை, ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகின்றதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடித்து வைக்குமுன் புகார் எண்ணைக் கேட்டு, அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.