13 மணி 45 நிமிஷம்: டெல்லி – சான் பிரான்சிஸ்கோ கணக்கு எங்க தப்பாச்சு?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: “ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல தூரம் தெரிஞ்சா, பறக்குற நேரத்தைக் கண்டுபிடிச்சிடலாம்ல?” நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால எங்க அம்மா ஒரு ராத்திரி தூங்கல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல பொழுதுபோகாம ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகை குடுத்தா ஹேவர்சைன் ஃபார்முலா போட்டு, உருண்டை பூமி மேல மிகக் குறுகிய தூரத்தைச் சொல்லும். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,380 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ.யால வகுத்தா 13 மணி 45 நிமிஷம். மதியம் ஒரு மணிக்கு ஃபிளைட். “ராத்திரி ரெண்டேமுக்காலுக்கு இறங்கிடுவேன்மா”ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். நான் போன் பண்ணப்போ இந்தியாவுல மணி நாலே முக்கால். அம்மா விளக்கேத்தி வச்சுட்டு போனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாங்க.

எங்க தப்பு? அந்தக் குறுகிய பாதை டெல்லியிலிருந்து நேரா வடக்கே ஏறி, இமயமலை, சீனா, சைபீரியா தாண்டி ஆர்க்டிக் பக்கம் போகுது. கேபின்ல காற்றழுத்தம் குறைஞ்சா விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கணும். திபெத்துல தரையே அதைவிட உயரம். அதனால சுத்தித்தான் போகணும்.

சுத்துறதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா இதே பயணத்துக்கு அட்லாண்டிக்கை விட்டுட்டு பசிபிக் வழியா போச்சு. தூரம் சுமார் 15,300 கி.மீ., பழைய வழியைவிட ஏறக்குறைய 1,400 கி.மீ. அதிகம். ஆனா பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடுச்சு! வகுத்துப் பாருங்க, மணிக்கு 1,055 கி.மீ. வருது. இன்ஜின் மட்டும் குடுத்த வேகம் இல்ல இது. ஒன்பது, பத்து கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா ஓடுற ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுது. குளிர்காலத்துல ஜப்பான் பக்கம் அது 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். அட்லாண்டிக் வழியில அதே காற்று முகத்துல அடிக்கும்.

(“பூமி சுத்துறதால மேற்கே போனா சீக்கிரம் போகலாமே”ன்னு சிலர் கேட்பாங்க. காற்றும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது பாஸ்.)

இதெல்லாம் போக, டிக்கெட்ல இருக்கிற நேரம் கேட்டிலிருந்து கேட் வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறதும் வரிசையில நிக்கிறதும் அதுல சேர்த்தி.

டிக்கெட்டையே பார்த்திருக்கலாமேன்னா, அதுல ரெண்டு ஊரோட உள்ளூர் நேரமும் இருந்துச்சு. வித்தியாசம் கோடையில பன்னிரண்டரை மணி, குளிர்காலத்துல பதிமூன்றரை. அந்தக் கழித்தலுக்குச் சோம்பேறித்தனம். இப்போ என் புரோகிராம் வகுக்கிறதே இல்ல. ரெண்டு நேரத்தையும் யூ.டி.சி.க்கு மாத்திக் கழிக்குது. அம்மா அதையும் நம்புறதில்ல. சொல்ற நேரத்தோட ரெண்டு மணி நேரம் கூட்டித்தான் அலாரம் வைக்கிறாங்க.