ஒரு மாநிலம், ஒரே பள்ளி: தில்லி மைதானத்தின் வாசல் யாருக்குத் திறக்கிறது?

புது தில்லி: தில்லி கேட் அருகிலுள்ள அம்பேத்கர் விளையாட்டரங்கில் 2025 செப்டம்பரில் நடைபெற்ற 64-வது சுப்ரதோ கோப்பை பள்ளிக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், கோழிக்கோடு ஃபாரூக் மேல்நிலைப் பள்ளி 2-0 என்ற கோல் கணக்கில் வென்றது. பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவர் பிரிவில் கேரளம் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. தோற்ற அணி உத்தரகண்ட் மாநிலம் ருத்ரபூரில் உள்ள அமெனிட்டி பப்ளிக் பள்ளி. எனினும் அந்தப் பள்ளி உத்தரகண்டின் பிரதிநிதியாக அங்கு நிற்கவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ.யின் அணியாக வந்திருந்தது.

ஒரே மைதானம், ஒரே கோப்பை. ஆனால் இரு அணிகளும் நுழைந்த வாசல்கள் வேறு. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. போட்டியின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய பள்ளிக் கால்பந்துப் போட்டிகளுள் ஒன்றான இதில் யார் ஆடுவது, யாரை எதிர்த்து ஆடுவது என்பதை எது முடிவு செய்கிறது என்று பார்த்தால், விளையாட்டைக் காட்டிலும் இந்தியக் கூட்டாட்சியின் சிக்கல்களே அதிகம் தென்படுகின்றன.

விமானப் படையின் கோப்பை

இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியாக 1954-ல் பொறுப்பேற்றவர் சுப்ரதோ முகர்ஜி. பதவியில் இருந்தபோதே 1960 நவம்பரில் டோக்கியோவில் காலமானார். அவர் பெயரிலான கோப்பை 1960 முதல் விமானப் படையின் ஆதரவில் நடத்தப்பட்டு வருகிறது. கொவைட் பெருந்தொற்றின்போது இரண்டு ஆண்டுகள் மட்டும் நடைபெறவில்லை. 2012-ல் மாணவியர் பிரிவும் சேர்ந்தது. இப்போது பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவர், மாணவியர், பதினைந்து வயதுக்கு உட்பட்ட மாணவர் என மூன்று பிரிவுகள் உள்ளன.

இக்கோப்பையின் சிறப்பு, மாநில அணியை ஏற்காமல் பள்ளி அணியை மட்டுமே ஏற்பதாகும். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் பள்ளி விளையாட்டுகளில், ஒரு மாநிலத்தின் பல பள்ளிகளிலிருந்து பொறுக்கி எடுத்த வீரர்கள் ஓர் அணியாக ஆடுவர். அங்கே தேர்வாளரின் பார்வைதான் முடிவு. சுப்ரதோ கோப்பையிலோ ஒரு பள்ளி, தன் மாவட்டத்திலும் மாநிலத்திலும் ஆடி வென்றுதான் வர முடியும். தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இங்கே இடம் குறைவு.

அந்த முறையின் நல்ல பக்கத்துக்கு ஹரியாணாவின் பிவானி மாவட்டத்தில் உள்ள அலக்புரா கிராமமே சான்று. அந்த ஊர் அரசுப் பள்ளி மாணவியர் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கோப்பையை வென்றனர். மாநிலத் தேர்வுக் குழு ஒன்று அணியைப் பொறுக்கியிருந்தால், ஒரே கிராமத்துச் சிறுமிகள் அத்தனை பேரும் ஒரே சீருடையில் தில்லிக்கு வந்திருப்பது அரிது. சேர்ந்து வளர்ந்தவர்கள் சேர்ந்தே ஆட முடிந்தது, பள்ளியே அணி என்ற விதியால்தான்.

வீரர் ஒருவரின் வாழ்க்கையையே இந்த வாசல் மாற்றியதும் உண்டு. 1992 சுப்ரதோ கோப்பையில் சிறந்த வீரர் விருது பெற்ற சிக்கிம் மாணவர் ஒருவர், மறு ஆண்டே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். பின்னாளில் இந்திய அணியின் தலைவரான பாய்ச்சுங் பூட்டியாதான் அவர்.

எட்டு மணிப்பூர் வீரர்கள், ஓர் இடம்

மாநிலத்துக்கு ஒரு பள்ளி என்பதே அடிப்படை விதி. 28 மாநிலங்களுக்கும் 8 யூனியன் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 கோடி மக்கள் வாழ்ந்த உத்தரப் பிரதேசத்துக்கும், 11 லட்சம் பேர் வாழ்ந்த மிசோரத்துக்கும் இடம் ஒன்றே. மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, மிசோரத்துக்கு 1 என உறுப்பினர்கள் இருக்க, கால்பந்து மைதானத்தில் மட்டும் அமெரிக்க செனட் சபையைப்போல மாநிலங்கள் அனைத்தும் சமம்.

சிறிய மாநிலங்களுக்கு இது சலுகை என்று தோன்றலாம். கால்பந்தின் கணக்கு நேர்மாறானது. 2017-ல் இந்தியா நடத்திய பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில், 21 பேர் கொண்ட இந்திய அணியில் 8 பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். அணித் தலைவர் அமர்ஜித் சிங் அங்கிருந்து வந்தவர். ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியாவின் முதல் கோலை தில்லி நேரு விளையாட்டரங்கில் கொலம்பியாவுக்கு எதிராக அடித்த ஜீக்சன் சிங்கும் மணிப்பூரின் பிள்ளையே. 2011 கணக்கெடுப்பின்படி முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த மாநிலம் தேசிய அணியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி வீரர்களை அளித்தது. ஆனால் பள்ளிக் கோப்பையில் அதற்கு ஒரே இடம். மணிப்பூரில் மாநில இறுதியில் தோற்கும் பள்ளி, வேறு பல மாநிலங்களில் பிறந்திருந்தால் சாம்பியனாகியிருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதே. வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், வடகிழக்கு மாநிலங்களும் வங்கமும் கேரளமும் ஜார்க்கண்டுமே பெரும்பாலான இடங்களை எடுத்துக்கொள்ளும். கால்பந்து இன்னும் வேரூன்றாத மாநிலங்களில் பள்ளிகள் ஆடுவதற்கான காரணமே மறைந்துவிடும். நாடு முழுவதும் ஆட்டத்தைப் பரப்புவது நோக்கம் என்றால், சமமான இடம் தவிர்க்க முடியாதது.

பக்கவாட்டு வாசல்கள்

சிக்கல் இங்கே முடிவதில்லை. மாநிலங்களுக்கு அப்பால், சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. தேர்வுகளை நடத்தும் கவுன்சில், கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயா வித்யாலயாக்கள், தேசிய மாணவர் படை எனப் பல அமைப்புகளுக்கும் தனித்தனி இடங்கள் தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பள்ளிகளும் அழைக்கப்படுவதுண்டு. ஒவ்வோர் அமைப்பும் தன் பள்ளிகளுக்குள் தனியே போட்டி நடத்தித் தன் அணியை அனுப்புகிறது.

ஓர் அரசுப் பள்ளி, மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் பள்ளி, இந்த வாசல்களில் ஒன்றையும் பயன்படுத்த முடியாது. அதற்கு இருப்பது மாநில வாசல் மட்டுமே. சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற தனியார் பள்ளிக்கோ வாரியத்தின் போட்டி திறந்திருக்கிறது. மாநிலக் கல்வித் துறையின் போட்டியிலும் அத்தகைய பள்ளிகளை அனுமதிக்கும் மாநிலங்களில் அதற்கு இரண்டு வாய்ப்புகள். கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவருக்கு இரண்டு கதவுகள், கட்டணம் இல்லாத பள்ளி மாணவருக்கு ஒரு கதவு என்ற நிலை, யாரும் திட்டமிட்டு உருவாக்கியதன்று. தனித்தனி நிர்வாகங்கள் தத்தம் இடத்தைக் கேட்டுப் பெற்றதன் விளைவு. எனினும் அதன் பயன் யாருக்குப் போகிறது என்பது வெளிப்படை. விடுதியும் பயிற்சியாளரும் புல்தரையும் வைத்துத் திறமையான சிறுவர்களைப் பல மாநிலங்களிலிருந்து சேர்த்துக்கொள்ளும் வசதி படைத்த பள்ளிகளுக்கு இந்த அமைப்பு கூடுதல் கை கொடுக்கிறது.

அரசமைப்புச் சட்டமும் இக்குழப்பத்துக்கு இடம் தந்திருக்கிறது. ஏழாவது அட்டவணையில் விளையாட்டு, மாநிலப் பட்டியலின் 33-வது இனம். கல்வி 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பள்ளி விளையாட்டு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாநிலக் கல்வித் துறை, மத்திய வாரியங்கள், விளையாட்டு அமைச்சகம், கால்பந்துக் கூட்டமைப்பு ஆகிய அனைத்துக்கும் அதில் பங்கு உண்டு. முழுப் பொறுப்பு எவருக்கும் இல்லை.

மழைக்கால நாக்-அவுட்

தில்லியிலும் பெங்களூருவிலும் போட்டிகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நடைபெறுவதால், மாநிலங்கள் அதற்குள் தம் சாம்பியனைக் கண்டறிந்தாக வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இதற்குக் கிடைப்பது சில வாரங்களே. கேரளத்தில் அது தென்மேற்குப் பருவமழையின் உச்சம். வட்டாரம், மாவட்டம், மாநிலம் என அத்தனை கட்டங்களையும் குறுகிய காலத்தில் முடிக்க நாக்-அவுட்டே எளிய வழி. சேற்றில் ஓர் ஆட்டம், சமநிலை, பின்னர் பெனால்டி உதைகள் என ஓர் ஆண்டின் உழைப்பு அரை மணி நேரத்தில் முடிந்துபோகலாம். தொலைக்காட்சி இல்லை, செய்தியாளர் இல்லை. உடற்கல்வி ஆசிரியர்களே நடுவர்களாகவும் அமைப்பாளர்களாகவும் இருக்க வேண்டிய நிலை.

வயது மோசடியின் வேரும் அந்தக் கீழ்க்கட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தில் சான்றிதழ்த் தாளே ஆதாரம். தேசியக் கட்டத்தில்தான் மருத்துவப் பரிசோதனை. ஃபிஃபாவே தன் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. சோதனையை 2009-ல்தான் கொண்டுவந்தது. சுப்ரதோ கோப்பையிலும் வயது மீறிய வீரர்களுக்காக அணிகள் வெளியேற்றப்பட்டதுண்டு. ஆனால் அவ்வாறு வெளியேற்றப்படும் அணியிடம் மாநில இறுதியில் தோற்ற பள்ளியோ தன் ஊரிலேயே இருக்கிறது. தில்லியில் வழங்கப்படும் நீதி, பாதிக்கப்பட்ட மாணவர்களைச் சென்றடைவதில்லை.

குலுக்கலா, தரவரிசையா?

வந்து சேர்ந்த அணிகளை எவ்வாறு பிரிப்பது என்பது அடுத்த கேள்வி. மாணவர் பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் அணி மட்டும் காலிறுதிக்கு முன்னேறுவது அண்மைக்கால நடைமுறை. இரண்டாம் இடத்துக்கு எதுவுமில்லை. வலுவான இரண்டு அணிகள் ஒரே பிரிவில் விழுந்தால் ஒன்று முதல் வாரத்திலேயே ரயில் ஏற வேண்டியதுதான். சீடிங் எனப்படும் தரவரிசை ஒதுக்கீடு இதைத் தடுப்பதற்கானது.

இக்கலையில் மிகவும் தேர்ந்தவர்கள் அமெரிக்கர்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தில், ஒஹையோ மாநிலம் 1972 முதல் ஒரு புள்ளி முறையைக் கடைப்பிடிக்கிறது. ஒரு பள்ளி வென்றால் புள்ளி. அது வென்ற எதிரணி வேறு அணிகளை வென்றிருந்தால் மேலும் புள்ளி. எளிய எதிரணிகளை மட்டும் தேடிப்பிடித்து வெல்வதில் பயனில்லை. அதிகப் புள்ளி பெற்ற பள்ளிக்கு, அடுத்த கட்டத்தின் தொடக்க ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையும் கிடைக்கிறது. டெக்சாஸ் மாநிலமோ நில எல்லையை நம்புகிறது. மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிகளைப் புதிதாகத் தொகுத்து, பெரும்பாலான தொகுதிகளிலிருந்து முதல் நான்கு அணிகளை அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. அங்கும் புகார்கள் ஓய்வதில்லை. ஆனால் விதி என்ன, தன் பள்ளி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பருவம் முழுவதும் எந்த மாணவரும் அறிந்துகொள்ளலாம்.

இந்தியப் பள்ளிகளுக்கு ஒஹையோ கணக்கை அப்படியே பொருத்த இயலாது. மிசோரத்தின் சாம்பியனும் கோவாவின் சாம்பியனும் தில்லிக்கு வருமுன் மோதியிருக்கப்போவதில்லை. பொதுவான எதிரணியும் கிடையாது. பள்ளி அணி ஆண்டுதோறும் மாறுவதால் சென்ற ஆண்டின் சாம்பியன் இந்த ஆண்டும் வலுவானது என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆயினும் மாநிலத்தின் வரலாறு பள்ளியின் வரலாற்றைப்போல ஓராண்டில் மாறுவதில்லை. கடந்த ஐந்தாண்டுகளில் ஒரு மாநிலத்தின் அணிகள் எந்தக் கட்டம்வரை சென்றன என்பதைக் கொண்டு எட்டுப் பிரிவுகளின் தலையிடங்களை நிரப்பலாம். முந்தைய ஆண்டு அரையிறுதியை எட்டிய மாநிலங்களுக்குக் கூடுதலாக ஓர் இடம் தரலாம். ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் நாடுகளுக்கான இடங்கள் பழைய முடிவுகளை வைத்தே கூடுகின்றன, குறைகின்றன. ஒரு பள்ளி மாநில வாசல், வாரிய வாசல் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் பருவத்தின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி, பணச் செலவின்றி நியாயத்தைக் கூட்டும். வயதுப் பரிசோதனையை மாநில இறுதிக்கு முன்பே நடத்தினால், வெளியேற்றப்படும் அணிக்குப் பதிலாக அடுத்த பள்ளி அழைக்கப்படவும் வழி பிறக்கும். மாவட்ட ஆட்டங்களின் அட்டவணையும் முடிவுகளும் பொதுவில் வெளியிடப்படுவது இவை அனைத்துக்கும் முன் நிபந்தனை.

இவற்றில் பெரும்பாலானவை விமானப் படையின் கையில் இல்லை. மாநிலக் கல்வித் துறைகளும் வாரியங்களும் பருவம் தொடங்குமுன் கூடிப் பேசினால் முடியக்கூடியவை. தாமதத்தின் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்களே. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் மாவட்டத்தில் தோற்றுவிட்டால், அவருக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. மறு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவர் வயது வரம்பைக் கடந்திருப்பார்.