வேனின் முகப்பு விளக்கு: பல்பை நாமே மாற்றலாம்

விடியுமுன் காய்கறிக் கொள்முதலுக்குப் புறப்படும் நம் வியாபாரிகளுக்கு வேனின் முகப்பு விளக்குதான் கண். ஒரு பக்கம் எரியாவிட்டால், எதிரே வருபவர் நம்மை இரு சக்கர வண்டி என்று எண்ணி நெருங்கி ஏறி வந்துவிடுவார். சென்ற மழைக்காலத்தில் நாமே மயிரிழையில் தப்பினோம். "கடையடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று நாள் தள்ளிப்போட்டதன் பலன்!

சரக்கு வேன்கள் பலவற்றில் இருப்பது எச்-4 ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். விளக்கை அணைத்து, சூடு ஆறவிட்டு, பின்புறச் சாக்கெட்டை இழுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விடுவித்தால் பல்பு கையோடு வரும். புதியதன் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கண்ணாடியை மட்டும் விரலால் தொடக் கூடாது. எண்ணெய், நெய் புழங்கும் கை நம்முடையது. பிசுக்குப் பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு 100/90 வாட் பல்பு போடுவோர் உண்டு. வேண்டாம். ஒயரும் ஹோல்டரும் சூடேறி உருகலாம். எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

புதுப் பல்பும் எரியவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் எலக்ட்ரீஷியன்.