பழைய விலாசமும் புதிய விலாசமும்

மின்னஞ்சல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளுமாறு இளைஞர் கூறும்போது எம்மையொத்த ஆசிரியர் பலர் முகஞ் சுளிப்பர். இருபது ஆண்டாக வழங்கும் விலாசத்துக்கு என்ன குறை வந்தது என்று கேட்பர். இதனை முதுமையின் சோம்பல் என்று ஒதுக்குவது நேர்மையன்று. சொற்கள் காலத்தோடு மாறுவதை நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. அந்த நூற்பாவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கும் நாமே மாற்றத்துக்குக் கடைசியாக இணங்குகிறோம் என்பது வேடிக்கைதான். ஆயினும் சொல் வேறு, விலாசம் வேறு. வழக்கொழிந்த சொல்லை அகராதியிலேனும் தேடிக் காணலாம். விலாசம் மாறியவரை எங்கே தேடுவது?

இக்கேள்வியின் கனத்தை ஊவா மலைநாட்டார் நன்கறிவர். பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களுக்கு வரும் கடிதத்தின் மேலுறையை நினைத்துப் பாருங்கள். முதலில் பெயர், அதன் கீழ் மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, அதன் கீழ் தோட்டத்தின் பெயர், ஈற்றில் தபால் கந்தோர் உள்ள ஊர். பெயர் ஒன்றே பெறுநருக்குச் சொந்தம். ஏனையவெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். தப்பால்காரர் சுமந்துவரும் பை தோட்டக் கந்தோரில் இறங்கும். அங்கிருந்து லயத்துக்கு அது வருவது யாரேனும் நினைவு கொள்வதைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்தபின் கைக்கு வந்த கதையைத் தோட்டப்புறங்களில் எவரும் சொல்வர். ஒரே தோட்டத்தில் இராமசாமிகள் நால்வர் இருப்பின், ஒருவர் வீட்டு இரகசியம் மற்றவர் வீட்டில் உரக்க வாசிக்கப்படும். தனி வீட்டுக்குத் தனி விலாசம் என்னும் எளிய உரிமை இன்றும் பல தோட்டங்களில் நிறைவேறவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் தமிழகம் சென்றன. சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், வேறு சிலர் தாம் முன்பின் அறியாத ஊர்களிலும் குடியேறினர். தலைமன்னார் கடந்து சென்றவரின் புதிய விலாசம் எழுதிய முதற் கடிதத்துக்காக இங்கே லயத்தில் எத்தனை முதியோர் காத்திருந்தனர்! அக்கடிதம் வந்த குடும்பத்தில் உறவு நிலைத்தது. வராத குடும்பத்தில் சகோதரரும் அயலாராயினர். விலாச மாற்றத்தை எம்மவர் அஞ்சுவதற்கு இவ்வாறு ஒரு வரலாறு உண்டு.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1971இல் ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், பெறுநரின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு ஒரு சுழிக்குறியைத் தேர்ந்தார். அக்குறிக்கு முன்னிருப்பது நம் பெயர். பின்னிருப்பது இடம் தந்தவரின் பெயர். தோட்டத்து மேலுறையின் இலக்கணம் இதிலும் அப்படியே அமைந்திருக்கிறது அன்றோ? 1996இல் ஹொட்மெயிலும் 2004இல் ஜிமெயிலும் இலவசமாக இடம் தந்தன. இலவச இடத்தில் குடியிருப்பவர் நிரந்தரம் என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. ஆனால் நாம் அசையாதிருப்பினும் வீட்டுக்காரர் அசைகிறார். 2013இல் ஹொட்மெயில் பயனாளர் அனைவரும் அவுட்லுக் என்னும் புது மனைக்கு மாற்றப்பட்டனர். அதே ஆண்டில், நெடுநாள் பயன்படாதிருந்த விலாசங்களை யாகூ நிறுவனம் புதியவர்களுக்கு வழங்கியது. பழையவரின் கடிதங்கள் சில புதியவர் கையில் விழுந்தன. மேற்சொன்ன இராமசாமிகளின் கதை கடல் கடந்தும் நிகழ்ந்தது! ஈராண்டு பயன்படாத தனியாள் கணக்குகளை நீக்கும் வழக்கத்தை 2023 டிசம்பர் முதல் கூகிள் மேற்கொண்டுள்ளது.

ஆதலின், மாற விரும்பாதவர் மாறும் வகை யாது? ஒரே நாளில் குடிபெயர வேண்டா என்பதே என் துணிபு. புதிய விலாசத்தைத் திறந்த பின்னரும் பழையதை ஓராண்டேனும் மூடாதிருத்தல் வேண்டும். பழைய கடிதங்களைப் புதிய இடத்துக்குப் பெயர்த்துக்கொள்ளவும், பழைய விலாசத்துக்கு வருவதைப் புதியதற்குத் தாமே வந்து சேருமாறு செய்யவும் பெரும்பாலான நிறுவனங்களில் வழியுண்டு. அவ்வாறு வந்து சேரும் ஒவ்வொரு கடிதமும், இன்னும் யாருக்கு அறிவிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். நண்பர் பிந்தி அறிந்தாலும் பொறுப்பர், வங்கி பொறுக்காது. கடவுச்சொல் மறந்தால் அதனை மீட்கும் கடிதம் பழைய விலாசத்துக்கே செல்லுமாதலால், வங்கியையும் அரசாங்கத் திணைக்களங்களையும் முதலில் கவனித்தல் வேண்டும்.

சொந்தப் பெயரில் விலாசம் வாங்கி, நிறுவனத்தை மட்டும் வேண்டும்போது மாற்றிக்கொள்வது மேலும் சிறந்த வழி. நம் நாட்டுக்குத் தமிழ் எழுத்திலேயே 'இலங்கை' என முடியும் இணைய விலாசம் 2010 முதல் உண்டு என்பது தமிழாசிரியர் பலர் அறியாத செய்தி. அதுவும் ஆண்டுக் குத்தகையே. பணம் கட்டத் தவறினால் பிறர் கைக்குப் போகும்.

இவையெல்லாம் எம்போன்றோர் கவலை. என்னை உறுத்துவது மாணவர் நிலையே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழி விண்ணப்பிப்பதற்கு மின்னஞ்சல் விலாசம் தேவை. தோட்டத்து மாணவர் பட்டணத்துத் தொடர்பகம் ஒன்றுக்குச் செல்வர். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு விலாசம் திறந்து கொடுப்பார். கடவுச்சொல் அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். மீட்பதற்கான தொலைபேசி இலக்கமும் அவருடையதே. அனுமதிக் கடிதம் வரும் காலத்தில் கடை மூடியிருந்தாலோ, குறிப்பேடு தொலைந்தாலோ, தோட்டக் கந்தோர் மேசையில் கிடந்த கடிதத்தின் கதிதான். இவ்விலாசத்தை மாற்றுவதற்கு மாத்திரம் தயக்கமே கூடாது.

பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் உள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. மாணவர் தம் கையாலேயே கணக்கைத் திறக்கட்டும். கடவுச்சொல்லைத் தம் வீட்டுக் கொப்பி ஒன்றில் எழுதி வைக்கட்டும். பழைய விலாசம் கொடுத்த இடங்களுக்கெல்லாம் புதியதை அறிவிக்கட்டும். மீட்பு இலக்கமாகத் தாயாருடைய கைபேசி இலக்கத்தைக் கொடுப்பது நலம். தந்தையின் கைபேசி, அவர் கொழும்புக்கு வேலை தேடிப் போகும்போது உடன் போய்விடும்.