ஃப்ரண்ட்பேஜ் காலத்துத் தளங்கள்

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் ஒரு சங்கம் கண்டால், ஆண்டு மலர் வெளியிடுவதும் விழாப் படங்களைச் சேர்த்து வைப்பதும் வழக்கம். கணிப்பொறி வீடுதோறும் வந்த பின்னர், அவற்றுட் சில இணையதளங்களாக உருக்கொண்டன. குறிமொழி எதனையும் கற்காதவரும் தாமே தளம் அமைத்துக் கொள்ள உதவிய மென்பொருள்களுள் ஃப்ரண்ட்பேஜ் புகழ் பெற்றது. அம்மென்பொருள் வழக்கொழிந்துவிட்ட இந்நாளில், அதனால் அமைந்த தளங்களின் கதி என்ன என்பதையே நாம் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1994-இல் தொடங்கிய வெர்மீர் டெக்னாலஜீஸ் என்னும் சிறு நிறுவனமே இதனைப் படைத்தது. 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. பழைய தளங்களின் உட்கோப்புறைகளில் 'வி.டி.ஐ.' என்ற எழுத்துகள் இன்றும் காணப்படும்; அவை வெர்மீரின் முதலெழுத்துகளேயாம். வாங்கியவர் சரக்கில் விற்றவர் பெயர் நிலைத்துவிட்ட விந்தை இது!

கடிதம் எழுதுவது போலத் திரையில் எழுதிப் படங்களை ஒட்டினால், பக்கம் அவ்வாறே அமைந்துவிடும். ஆயின் சில வசதிகளுக்குப் பக்கம் மட்டும் போதாது. அன்பர் ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பினால், அதனைப் பெற்றுக் குறித்து வைக்க மறுமுனையில் ஒருவர் வேண்டுமல்லவா? அவ்வேலையைச் செய்தது, தளத்துக்கு இடந்தரும் நிறுவனத்தின் சர்வரில் நிறுவப்பெற்ற 'சர்வர் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் துணைநிரல். வந்தோர் தொகையைக் காட்டும் எண்ணியும், தளத்துள் தேடும் பெட்டியும் அதனையே நம்பியிருந்தன.

ஃப்ரண்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003-ஆம் ஆண்டினது. 2006 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதனைக் கைவிட்டது. அக்கடைசிப் பதிப்புக்கு அளித்துவந்த திருத்தங்களும் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றன. இடந்தரும் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் துணைநிரலை நீக்கலாயின. அவர்களிடம் சினங்கொள்வதற்கில்லை. செம்மையாக அமைக்கப்படாத சர்வர்களில், கடவுச்சொற்களின் மறையுருவை வைத்திருந்த கோப்பினை வெளியார் எவரும் படிக்க நேர்ந்தது. திருத்துவாரற்ற நிரலில் இத்தகைய ஓட்டையை வைத்துக்கொள்ள யார் துணிவர்? ஆயினும் முன்னறிவிப்புத் தாராமல் நீக்கியவர் செயலை நாம் ஒப்புவதற்கில்லை.

துணைநிரல் போனதால் தளம் முழுதும் அழிவதில்லை. எழுத்தும் படமும் அப்படியே நிற்கும். பக்கந்தோறும் வரும் தலைப்புப் பட்டையும் இணைப்பு வரிசையும் சேமிக்கும்போதே பக்கத்தினுள் எழுதப்பட்டுவிடுவதால் பிழைத்துவிடும். எண்ணி இருந்த இடத்தில் உடைந்த படச்சின்னம் தோன்றும். படிவத்தை அனுப்புவோர்க்குப் பிழைச்செய்தியே கிட்டும். உறுப்பினராக விழைந்து எழுதியவரின் விண்ணப்பம் எவர் கைக்கும் எட்டாது. தளம் பார்வைக்கு நன்றாயிருப்பதால் செயலாளர் இதனை நெடுநாள் அறியாதிருத்தலும் கூடும். இதுவே பெரிய இடர் என்பது நம் கருத்து.

ஆதலின் முதற்கண் சங்கத் தளத்தின் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பின்பு எஃப்.டி.பி. வழியாகக் கோப்புகள் அனைத்தையும் இறக்கி, இரண்டு இடங்களில் வையுங்கள். துணைநிரல் இன்னும் இயங்கும் சர்வராயின், அவ்வழியே கோப்புகளை மேலேற்றுதல் ஆகாது. துணைநிரலின் குறிப்புகள் குலைந்துவிடும். பழைய படிவத்துக்கு ஈடாக, இடந்தரும் நிறுவனம் இப்பொழுது அளிக்கும் படிவ நிரலைப் பொருத்தச் சொல்லலாம்.

தமிழ்ப் பக்கங்களுக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. அக்காலத்தார் பலர் டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் எழுதினர். உரிய எழுத்துரு இல்லாக் கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அழிந்துவிட்டதென்று எண்ணி நீக்கிவிட வேண்டா. மாற்றி நிரல்களைக் கொண்டு யூனிகோடுக்குக் கொணரலாம். மூலப் படியை மட்டும் தொடாமல் வைத்திருங்கள்.

கடவுச்சொல் அறிந்தவர் ஊர் மாறிப் போயிருந்தால்? ஃப்ரண்ட்பேஜைக் கையாண்டோர் பலர், தளத்தின் முழுப்படியைத் தம் கணிப்பொறியிலேயே வைத்துப் பணிசெய்து, பின்னரே சர்வருக்கு அனுப்பினர். தளத்தை அமைத்த அன்பர் யாரென விசாரித்து, அவருடைய பழைய கணிப்பொறி காயலான் கடைக்குப் போகுமுன் அதன் வட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.