நியாயம் கிடைக்க 31 வருஷம்! வாச்சாத்தி பெண்கள் கேட்டது பணமா?

பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்கும்போது எதிரே செக்கச்செவேல் என்று தெரிகிறதே ஐகோர்ட்டு, அதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! 2023-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அங்கே சொல்லப்பட்ட ஒரு தீர்ப்புக்காக, தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமமே 31 வருஷம் காத்துக் கிடந்தது.

அந்தக் கிராமம், வாச்சாத்தி. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் மலைவாழ் மக்கள் வசிக்கும் ஊர்.

அன்று நடந்தது என்ன?

1992-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் கூட்டமாக ஊருக்குள் புகுந்தனர். கையில் சிக்கியவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். 18 பெண்களைத் தனியே கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தனர். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் சிறுமியும் உண்டு.

வீடுகள் சூறை. ஆடு, கோழிகள் அறுத்துச் சாப்பிடப்பட்டன. குடிக்கிற கிணற்றுத் தண்ணீரையும் விட்டு வைக்கவில்லை. அதில் எண்ணெயைக் கொட்டினார்கள்!

அதோடு விட்டார்களா? பறிகொடுத்தவர்கள் மீதே கடத்தல் வழக்கு! 90 பெண்களும் 28 குழந்தைகளும் கைதானவர்களில் அடக்கம்.

யாரிடம் போவது?

புகார் கொடுக்கலாம் என்றால் காக்கிச் சட்டையிடம்தான் போகவேண்டும். செய்ததும் அதே காக்கிச் சட்டைதானே! அவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்டு கட்சியும் விடாமல் போராடிய பிறகு, 1995-ல் ஐகோர்ட்டு வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பு சொல்வதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் நிரூபணமானது.

தண்டனை பெற்றவர்கள் அப்பீல் செய்தனர். அது முடிய இன்னும் சரியாக 12 வருஷம்!

ஊருக்கு வந்த நீதிபதி

நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். பிறகு அப்பீல் மனுக்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம். அதில் பாதியை, பலாத்காரக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களிடமே வசூலிக்க வேண்டும். அப்போதிருந்த கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்ற நடந்த நாடகம் இது என்றும் தீர்ப்பில் சொன்னார்.

பணம் மட்டும்தானா?

"பத்து லட்சம் வந்தாச்சுன்னா சரியாப்போச்சு, இன்னும் என்னய்யா நியாயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் செய்தவன் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்பதுதானே அந்தப் பெண்கள் வருஷக்கணக்கில் கேட்டது! திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர்களுக்கு, 'நீங்கள் சொன்னது உண்மை' என்று கோர்ட்டு சொன்ன வார்த்தைக்கு விலை உண்டா?

அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு 31 வருஷம் வேண்டாம். நாளைக்கு நம்ம தெருவில் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், "சாட்சி இருக்கா?" என்று எடுத்த எடுப்பிலேயே மடக்காதீர்கள். "உட்காரும்மா, என்ன நடந்தது சொல்லு" என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

நியாயம் அங்கேதான் ஆரம்பம்!