கம்பளத்தில் ஏறிய வாடை

கூந்தலுக்கு மணம் இயற்கையா, சூடிய பூவால் வந்ததா என்று மதுரைச் சங்கத்தில் நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும் வழக்கில் காளஹஸ்திக்கும் ஒரு பங்கு உண்டு. நீ வழிபடும் திருக்காளத்தி ஞானப்பூங்கோதையின் கூந்தலும் அப்படித்தானா என்று, புலவராக வந்த சிவன் கேட்டபோதும், சங்கப் புலவர் நக்கீரர் பின்வாங்கவில்லை. அதற்கும் சொந்த மணம் கிடையாது என்றார். நெற்றிக்கண் திறந்த கதை எல்லோருக்கும் தெரியும். கூந்தல் விஷயத்தில் அவர் சொன்னது சரியா என்பது இருக்கட்டும். வீட்டுக் கூடத்தில் விரித்த கம்பளத்தின் விஷயத்தில் நக்கீரர் கட்சிதான் ஏறக்குறைய முழுக்கச் சரி. கம்பளத்துக்கென்று நாற்றம் கிடையாது. அதில் வீசுவது எங்கிருந்தோ ஏறியது. ஏறியதை இறக்குவது ஒன்றுதான் வழி. அதன்மேல் இன்னொன்றை ஏற்றுவது வழியாகாது. மழைக்காலம் வந்தால் சாம்பிராணியும் வாசனைத் தெளிப்பானும் வாங்க ஓடுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எது ஏறியது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்; தமிழே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்ற சொல்லை நாம் கெட்டதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டாலும், கெட்ட வாடைகளைப் பிரித்துச் சொல்வதில் நம் சமையலறைகள் தேர்ந்தவை. பால் சிந்திப் புளித்த வாடை, எண்ணெய்க் காறல், மீன் கவிச்சை, மூத்திர நெடி, பூசண வாடை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் தனி வேதியியல் உண்டு. புளித்த பாலிலும் கெட்டுப்போன வெண்ணெயிலும் வீசுவது பியூட்டிரிக் அமிலம் முதலான கொழுப்பு அமிலங்கள். கால் வியர்வை வாடைக்குக் காரணமான ஐசோவலேரிக் அமிலமும் இந்தக் குடும்பம்தான். மீன் கவிச்சையோ டிரைமெத்திலமின். மூத்திர நெடி, யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து விடும் அம்மோனியா. இவை இரண்டும் காரங்கள். சமையல் சோடா லேசான காரம் என்பதால் அமில வாடையைப் பிடித்து, ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. அதே சோடாவை மூத்திரக் கறைமேல் கொட்டினால் காரத்தோடு காரம் சேர்கிறது, பயனில்லை. அங்கே வேண்டியது நீர் கலந்த வினிகர். இரண்டையும் சேர்த்துக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கம்பளத்தில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த ஈரம் மட்டுமே.

'எனக்குச் சோடா பலித்தது' என்பவரும் 'எனக்குப் பலிக்கவில்லை' என்பவரும் ஆகவே பொய் சொல்லவில்லை. இருவர் வீட்டுக் கம்பளத்திலும் ஏறியது வேறு. பூனை மூத்திரம் மட்டும் இருவரையும் ஏமாற்றும். அதிலுள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாத படிகமாக நூலிடையில் தங்கிவிடுகிறது. காய்ந்த நாளில் சத்தமில்லாமல் கிடந்து, காற்றில் ஈரம் ஏறியதும் வாடை திரும்பிவிடும்.

ஏறியதை இறக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று காளஹஸ்தியிலேயே இருக்கிறது. 2005இல் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெற்ற அந்த ஊர்க் கலம்காரித் துணி ஓவியம், பேனாபோல் கூராக்கிய மூங்கில் குச்சியால் வரைவது. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் பதிக்கும் கலம்காரி வேறு. வரைவதற்கு முன் பருத்தித் துணியைக் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். பாலின் கொழுப்பு, சாயம் நூல்வழியே கசிந்து பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள், இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் புளித்து உண்டான மையோடு சேர்ந்து கறுப்பாகிறது. கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் ஊறிய துணி, பக்கத்திலேயே புளிக்கும் பானை: நாற்றத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. ஆனாலும் அந்தத் துணியைத்தான் சாமிக்குப் பின்னால் திரையாகத் தொங்கவிட்டார்கள், இன்று சேலையாக உடுத்துகிறார்கள். எந்த நறுமணமும் அதில் தெளிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே துணி நீரில் அலசப்படுகிறது, வெயிலில் உலர்கிறது, மறுபடி அலசப்படுகிறது. தேங்கிய நீரில் அலசினால் போன பால் திரும்ப ஒட்டும் என்பதால்தான் ஓடும் நீர். ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி, தேவாரக்காரர்களின் முகலி, இந்தக் கலைக்கு வெறும் பின்னணிக் காட்சி அல்ல, வேலைக் கருவி. வாயுத் தலம் என்று பெயர் பெற்ற ஊரில் நீரும் வெயிலும் காற்றுமே வாடையை இறக்குகின்றன.

கூடத்துக் கம்பளத்துக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். சாதாரண அறையில் பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கம்பளி அதைப்போல் இரு மடங்கு. காற்று நனைந்து கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை நீரை வாங்கிக்கொண்டு, தொட்டால் ஈரம் தெரியாமல் படுத்திருக்கும். மேலே தோல் துகளும் சோற்றுப் பருக்கையும் தூசியும், கீழே குளிர்ந்த தரை: பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? மண்வாடை போல வரும் ஒருவித மக்கல் வாடைக்குக் காரணமான பொருளுக்கு ஜியோஸ்மின் என்று 1965இல் பெயரிட்டார்கள். நீரில் லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டு 'சுத்தம் செய்தும் போகவில்லையே' என்று அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். நூற்றில் தொண்ணூறு பங்கு போனாலும் மிச்சமிருக்கும் பத்தே மூக்குக்குத் தாராளம்.

சாம்பிராணி போட்டால் வாடை போய்விடுகிறதே, கண்கூடாகத் தெரிகிறதே என்பார்கள். போவது வாடை அல்ல, நம் கவனம். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே வாடை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். பலமான புதுமணம் வந்தால் பழையது பின்னுக்குப் போகும். அதனால்தான் வீட்டுக்காரருக்குத் தெரியாத வாடை வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளிக்குத் தெரிகிறது. புகையிலிருக்கும் நுண்துகளும் அதே கம்பளத்தில்தான் இறங்குகிறது. ஏறியதன்மேல் இன்னொன்று ஏறுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 'கழுவினோம், முன்னைவிட மோசமாயிற்று.' உண்மை. அரைகுறையாகக் காய்ந்த கம்பளம் கழுவாத கம்பளத்தைவிடக் கெட்டது. நனைந்த துணி ஒன்றிரண்டு நாளுக்குள் முழுக்க உலராவிட்டால் பூசணம் பிடித்துவிடும். எனவே, கழுவுவதற்கு முன்பே எங்கே உலர்த்துவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். முதலில் கம்பளத்தைப் புரட்டிக் கீழ்ப்பக்கத்தையும் தரையையும் முகர்ந்து பார்க்கலாம். தரையே ஈரம் கசிந்தால் கம்பளத்தைக் கழுவி என்ன பயன்? பிறகு தட்டி உதறி, கறை எந்த வகை என்று பார்த்து, அமில வாடைக்குச் சோடாத் தூளை ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் இரு பக்கமும் காற்று படும். வெயிலில் சாயம் வெளுக்கும் என்ற கவலை நியாயமானதே. அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினால் போதும். வெயில் எட்டாத அடுக்ககத்தில் மின்விசிறிக்கு நேரே நிறுத்தலாம், குளிர்சாதனத்தின் ஈரம் நீக்கும் வசதியைப் போடலாம். பிளீச்சிங் மட்டும் வேண்டாம். குளோரினில் கம்பளி கரைந்துவிடும். மூத்திர அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சு வாயு வரும். புரதக் கறையைத் தின்னும் நொதித் தூளும் கம்பளிக்கு ஆகாது, கம்பளியே புரதம்தான்.

நக்கீரருக்கு விதிவிலக்கு இரண்டு. நனைந்த கம்பளிக்கு ஆட்டு வாடை லேசாக உண்டு, உலர்ந்தால் போய்விடும். சுவருக்குச் சுவர் ஒட்டும் புதுக் கம்பளத்தின் அடியிலுள்ள செயற்கை ரப்பர்ப் பூச்சிலிருந்து 4-ஃபீனைல்சைக்ளோஹெக்சீன் என்ற பொருள் ஆவியாகும். சன்னலைத் திறந்து வைத்தால் சில நாள், சில வாரத்தில் குறைந்துவிடும். ஆனால் அப்படி ஒட்டிய கம்பளத்தைப் புரட்டவும் முடியாது, தொங்கவிடவும் முடியாது. குளிர்நாட்டுக்குப் பொருந்தும் அந்த ஏற்பாடு கிழக்குக் கரையோரத்து மழைக்காலத்துக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு. மடித்து எடுத்துப்போய் அலசிக் காயவைக்க முடிகிற பவானி ஜமக்காளமும், பகலில் சுருட்டிச் சாத்தி வைக்கும் பத்தமடைப் பாயும் இந்தக் காற்றை அறிந்து உருவானவை. கம்பளம்தான் வேண்டும் என்பவர்கள் கடைக்குப் போகுமுன் கூடத்தின் அளவோடு, அதைத் தொங்கவிடப்போகும் கொடியின் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.